பாப்பாவைப் பங்குனியில் கூட்டி வராதே

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மியான்மர்ப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்குப் பாப்பாவோடு வருவதாகச் சொன்னாயே, அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடும்மா. அவளுக்கு வீசிங் இருக்கும்போது நம் ஞாங்ஷ்வே ஊர்க் காற்று இந்த மாதங்களில் ஆகாது.

மாசியிலிருந்து சித்திரை வரை ஷான் மலை எங்கும் புகைதான். சோளத்தட்டையைக் கொளுத்துகிறார்கள், சரிவில் காட்டை வெட்டி எரிக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கத்து இன்லே ஏரி சுமார் 880 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், இரண்டு பக்கமும் மலை. ராத்திரி குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தங்க, மேலே சூடான காற்று சட்டிக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. வெயில் ஏறித் தரை சூடானால்தான் புகை கொஞ்சமாவது கலையும்.

நீ அனுப்பிய, காற்றில் தூசி அளக்கும் மிஷினை அடுப்புப் புகை படாமல் மாடியில் மாட்டியிருக்கிறேன். உள்ளே சின்ன விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறுவதை வைத்து பி.எம். 2.5 அளவைச் சொல்கிறது. தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குத் தூசி அது, நேரே நுரையீரலின் அடிவரை போகும். ஒரு நாள் சராசரி, கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. இங்கே இப்போது அதைப் போல் பல மடங்கு.

ஆனால் விடிகாலை நம்பரை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஈரத்தில் தூசி உப்பிவிடும், மூடுபனித் துளியையும் மிஷின் தூசியாக எண்ணும். அதனால் பனி விலகின மதியத்தில் கிழக்கு மலையையும் பார்த்து, நம்பரோடு சேர்த்து நோட்டில் எழுதுகிறேன். கிட்டத்து மலையில் மரங்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, அதற்குப் பின்னால் இருக்கும் மலைவரிசை தெரிகிறதா என்று. போன வாரம் பனியே இல்லை, பின்வரிசையையும் காணோம். கிட்டத்து மலை வெறும் பழுப்புக் கோடாக நின்றது. நம்பரும் ஏறியே இருந்தது. அமெரிக்காவில் டாஹோ ஏரியில் 1968 முதல் வெள்ளைத் தட்டை இறக்கி, எவ்வளவு ஆழம் வரை தெரிகிறது என்று தொடர்ந்து எழுதி வருகிறார்கள். நம் மலைக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்று எனக்கு ஆசை.

மழை காற்றைக் கழுவிய பிறகு, புரட்டாசி ஐப்பசி வாக்கில் இன்லே ஏரியில் பௌங்டோ ஊ புத்தர் கோயில் திருவிழா. காலால் துடுப்புப் போடுகிறவர்கள் பெரிய படகை இழுத்து வருவதைப் பாப்பா பார்க்கட்டும். டிக்கெட் போட்டதும் தேதி சொல், படகுக்காரரிடம் பேசி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா