"அந்தப் பெயர் நான் இல்லை" என்று சொல்லப் போகும் தம்பிமாருக்கு

அன்புள்ள தம்பிமாருக்கும், 'அந்தப் பெயர் நான் இல்லை, உங்கட நீதிமன்றத்துக்கு என்மேல் அதிகாரம் இல்லை என்று சொன்னால் வழக்கிலிருந்து தப்பலாம்' என்று சொல்லித்தருகிற வீடியோக்களை அவர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கும் அண்ணன்மாருக்கும்,

போன கிழமை வேக டிக்கெட் ஒன்றுக்காகப் போக்குவரத்து நீதிமன்றத்தில் காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் எங்கட பெடியன் ஒருவர். காப்புறுதி இல்லாமல் கார் ஓட்டியதாகக் குற்றச்சாட்டு. பெயரைக் கூப்பிட்டதும் எழும்பி, கையிலிருந்த தாளை வாசித்தார்: "முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கிற அந்தப் பெயர் ஒரு கம்பனி. நான் அதன் பிரதிநிதியாக மட்டும் வந்திருக்கிறேன். இந்த நீதிமன்றத்தோடு எனக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை." அந்த ஆள் நீங்களா என்று நீதவான் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதே தாள்தான். சரி, குற்றம்சாட்டப்பட்டவர் வரவில்லை என்று பதிந்து, ஆள் இல்லாமலே விசாரணையை நடத்தி முடித்துவிட்டார்கள். இங்கே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் இந்தக் குற்றத்துக்கு முதல் தரம் என்றாலும் குறைந்தபட்சத் தண்டம் 5,000 டொலர். அதன் மேல் 25 வீத மேலதிகக் கட்டணம். ஆக 6,250.

வெளியே வந்து கதைத்தபோதுதான் வயிறு எரிந்தது. அன்றைக்கு அவருக்குக் காப்புறுதி இருந்திருக்கிறது! அட்டை மட்டும் காரில் இல்லை. கம்பனியிடம் ஒரு கடிதம் வாங்கி அரசதரப்பு வழக்கறிஞரிடம் காட்டியிருந்தால், அட்டை காட்டாத சின்னக் குற்றத்தோடு நூறு டொலருக்குள் முடிந்திருக்கக்கூடிய விஷயம். ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். கடிதத்தில் அந்தப் பெயர்தானே இருக்கிறது, காட்டினால் அது தான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாமே என்றேன். செய்தால் நீதிமன்றத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடுமாம்.

இதைத்தான் அந்த வீடியோக்காரர் உங்களுக்குச் சொல்வதில்லை. "உனக்கு அதிகாரம் இல்லை" என்று தொடங்கினால், அதற்குப் பிறகு உங்களிடம் இருக்கிற ஒரு நல்ல சான்றையும் நீங்கள் தொட முடியாது. வழக்கு உங்கள் பக்கம் இருந்தாலும் பேச வாய் இருக்காது.

இந்தத் தாள் புதிதும் இல்லை. அல்பேர்ட்டா மாகாணத்தில் 2012 செப்டெம்பரில், மீட்ஸ் எதிர் மீட்ஸ் என்ற விவாகரத்து வழக்கில், நீதிபதி ஜோன் றூக் 700க்கும் மேற்பட்ட பந்திகளில் இந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் போட்டார். பெரிய எழுத்துப் பெயர், கைரேகை, நான் சம்மதிக்கவில்லை என்ற பல்லவி எல்லாம் அதில் இருக்கிறது. இவற்றைக் காசுக்கு விற்கிற 'குரு'மாரைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார். இன்றைக்கு எந்த நீதிபதியும் இதைக் கேட்டுத் திகைப்பதில்லை. அந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்.

குற்றவியல் வழக்கில் மாட்டியிருப்பவர்களுக்கு இன்னொன்று. கனடா உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜோர்டன் தீர்ப்பின்படி, மாகாண நீதிமன்றத்தில் வழக்கு 18 மாதத்தைத் தாண்டினால் அது நியாயமற்ற தாமதம் என்று வாதாடி வழக்கையே நிறுத்த இடமுண்டு. ஆனால் உங்கள் தரப்பால் வந்த தாமதத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். அதிகாரம் இல்லை என்று மனுவுக்கு மேல் மனுப் போட்டு இழுத்தடித்த மாதங்கள் எந்தப் பக்கம் போகும் என்று யோசியுங்கள்.

நீதிமன்றத்தை நம்பாத மனம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். இலங்கையில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலமே சான்றாகிவிடும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சந்தேகத்தில் பிழை இல்லை. ஆனால் இங்கே அகதி மனுக் கொடுத்த எங்கட ஆட்கள் ஒரு விசாரணை அறையில் உட்கார்ந்து வாயால் தங்கள் கதையைச் சொல்ல முடிந்ததே, அந்த உரிமை 1985 சிங் தீர்ப்பில் வந்தது. அரசு செய்தது பிழை என்றுதான் அந்த வழக்கைக் கொண்டுபோனவர்களும் சண்டை போட்டார்கள். கனடாவின் உச்ச நீதிமன்றத்தில், கனடாவின் உரிமைச் சாசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு போட்டார்கள்.

காந்தியும் சட்டத்தை மீறினவர்தானே என்று அவரை இழுக்கிற அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. 1922இல் அகமதாபாத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, இருப்பதிலேயே கடுமையான தண்டனையைக் கேட்டு, ஆறு வருடச் சிறையை வாங்கிக்கொண்டு போனவர். தண்டப்பணத்தை மிச்சம்பிடிக்கப் போனவர் இல்லை.

அந்தத் தம்பி இதை வாசித்தால்: உங்கள் 30 நாளில் மூன்று கிழமை இன்னும் இருக்கிறது. உரிமம் உள்ள பராலீகல் (சட்டத் துணையாளர்) ஒருவரைப் பிடியுங்கள். காப்புறுதிக் கடிதத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் கேட்டால் சொல்லுங்கள்.

அன்புடன்,
நீதிமன்றத்தில் பின் வாங்கில் இருந்த அண்ணன்,
ஸ்காபரோ