விக்டோரியா தினம் வரைக்கும் பொறு

ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா,
ஏப்ரல் கடைசிக் கிழமை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் நோ குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். குறைந்தது என்று எண்ணெய் பூசுவதை விட்டுவிடாதே. மகள் மாற்றலாகி ஊரோடு வந்ததும் நல்ல செய்தி. இனி உன் சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இங்கே எல்லாரும் சுகம்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "பனி கொட்டுகிற ஊரில் உனக்கென்னடா தோட்டம்?" நியாயம்தான். யாழ்ப்பாணத்து இணுவில் செம்பாட்டு மண்ணில், கிணறு நிறையத் தண்ணீரோடு, எந்த மாதமும் எதையாவது ஊன்றிக்கொண்டு இருக்கிறவனுக்கு இது விளங்காது. ஆகையால் இந்த முறை அரசியலை விட்டுவிட்டுத் தோட்டத்தை மட்டும் எழுதுகிறேன்.

இங்கே இளவேனில் வந்தால் பாதி வேலை, பாதி காத்திருப்பு. காத்திருப்பதுதான் கஷ்டம். மார்ச் முடிகிற நேரத்தில் திடீரென்று ஒரு நாள் வெயில் எறித்து 15 பாகை காட்டும். பெடியங்கள் அரைக் காற்சட்டையோடு தெருவில் திரிவார்கள். நமக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த வெயில் காற்றோடு சரி. மண்ணுக்குள் விரலை விட்டால் பிரிட்ஜுக்குள் விட்ட மாதிரி இருக்கும். அடுத்த கிழமை திரும்பவும் பனி கொட்டும். வருஷப்பிறப்பன்று கைவிசேடத்தை வாங்கிக்கொண்டு யன்னலால் எட்டிப் பார்த்தால், முற்றம் வெள்ளையாகக் கிடப்பது இங்கே புதினமில்லை.

ரொறன்ரோப் பக்கம் உறைபனி பெரும்பாலும் மே நடுப்பகுதிக்குள் ஓய்ந்துவிடும். ஆனாலும் இங்கே தோட்டம் செய்கிறவர்கள் வைத்திருக்கிற கணக்கு விக்டோரியா தினம் என்கிற விடுமுறை நாள். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அது வரும். அந்த நீண்ட வார இறுதிக்கு முதல் தக்காளி, மிளகாய், கத்தரியை வெளியில் நடாதே என்பார்கள். வெள்ளைக்காரர், சீனர், நாங்கள் எல்லாரும் ஒரே நாளில் நாற்றுக் கடையில் வரிசையில் நிற்பது அப்போதுதான்.

அதற்கு முதல் கை கட்டிக்கொண்டு இருப்பதில்லை. ஏப்ரல் தொடங்கியதும் நான் பார்ப்பது மண்ணை. எங்கள் வீட்டுப் பின்வளவு களிமண். பனி உருகிய தண்ணீர் இலகுவில் இறங்காது. ஒரு பிடி அள்ளி, இறுக்கிப் பொத்தி உருண்டையாக்கி, பெருவிரலால் மெல்லத் தட்டிப் பார்ப்பேன். உதிர்ந்தால் மண்வெட்டியை எடுக்கலாம். உதிராமல், விரல் பட்ட இடம் பளபளவென்று மினுங்கிக்கொண்டு நின்றால், பேசாமல் உள்ளே போய்த் தேத்தண்ணி குடிக்க வேண்டியதுதான். ஈரக் களியைக் கொத்தினால் காய்ந்த பிறகு கட்டி கட்டியாக இறுகி, கோடை முழுக்க வேரை விடாது. மிதிப்பதும் அதே கேடுதான். அதனால் பாத்திகளுக்கு இடையில் பலகை போட்டு அதன் மேல்தான் நடமாட்டம். சாணி எருவைக் கடையில் பையாகக் காசு கொடுத்து வாங்கிப் பரப்புகிறேன் என்றால் நீ சிரிப்பாய். சிரி.

சருகை அவசரப்பட்டு அள்ளுவதில்லை. அதற்குள்ளும் போன வருஷத்துக் காய்ந்த தண்டுகளுக்குள்ளும் வண்ணத்துப்பூச்சிக் கூடுகள், காட்டுத் தேனீக்கள் எல்லாம் குளிரைக் கழித்துக்கொண்டு இருக்கும். பகலில் 10 பாகைக்கு மேல் நிலையாக நிற்கும் வரை விட்டுவைப்பது நல்லது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இது சோம்பலாகத்தான் படுகிறது. படட்டும்.

மனுசியின் றோசாச் செடிகளை வெட்டுவதற்கு நாட்காட்டி தேவையில்லை. இங்கே போர்சித்தியா என்று ஒரு பற்றை. இலை வருவதற்கு முன்பே கொப்பு முழுக்க மஞ்சளாகப் பூத்துவிடும். அது பூத்தால் றோசா வெட்டலாம் என்பது இந்த ஊர்க் கணக்கு. பனியில் கருகிய கொப்பை, உள்ளே வெள்ளையாகச் சதை தெரிகிற இடம் வரைக்கும் இறக்கி வெட்ட வேண்டும். இந்த வேலையை என்னிடம் விடுவதில்லை.

இப்போது வளவில் பச்சையாக நிற்பது உள்ளி. ஒக்டோபரில் பல்லுப் பல்லாக ஊன்றியது. பனிக்குக் கீழே கிடந்து குளிர் பட்டால்தான் அது கீழே பல்லுப் பிரிந்து பூண்டாகும். யூனில் பூந்தண்டு சுருண்டு வரும், அதை முறித்து வதக்கினால் தனி ருசி. பட்டாணியும் முள்ளங்கியும் இந்தக் குளிருக்குப் பயப்படாது. மண் உதிர்ந்த அன்றே போட்டுவிட்டேன்.

மற்றதெல்லாம் நிலவறையில். மிளகாய், கத்தரி விதைகளை வெளியில் நடுவதற்கு 8 தொடக்கம் 10 கிழமைக்கு முன்பே போட வேண்டும். தக்காளிக்கு 6, 8 கிழமை போதும். வெளிச்சம் போதாவிட்டால் கன்று வெளிறி, நீண்டு, சாய்ந்துவிடும். அதனால் விளக்கை நன்றாகக் கீழே இறக்கி, இலைக்குக் கிட்ட வைத்து, நாளுக்கு 14, 16 மணித்தியாலம் எரிய விடுகிறேன். மின்சாரப் பில்லைப் பார்த்து மகன் முணுமுணுப்பான். ஓகஸ்ட்டில் தக்காளி தின்னும்போது அந்தச் சத்தமில்லை.

பாவலுக்கும் புடோலுக்கும் இந்தக் கிழமைதான் நாள். பாவல் விதையின் கோது தடிப்பு, தெரியும்தானே. நகவெட்டியால் ஓரத்தை மெல்லக் கிள்ளி, ஒரு இரவு ஊறவைத்து, ஈரத் துணியில் சுற்றி, சோறு அவிகிற குக்கருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். வேர் எட்டிப் பார்த்ததும் கடதாசிக் கோப்பையில் ஊன்றி, பிறகு கோப்பையோடு மண்ணில் இறக்கிவிடலாம். வேரைக் குழப்பினால் அந்தக் கொடி கோபம் ஆறி எழும்பக் கிழமைக்கணக்காகும். இங்கே கிழமை என்பது பெரிய காசு. மே கடைசியில் இருந்து ஒக்டோபர் உறைபனி வரை, நாலரை மாதம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆனால் அந்த நாலரை மாதத்தில் செடி வளர்கிற வேகத்தைப் பார்த்தால் நீயும் வாய் திறப்பாய். காரணம் பகல். யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்கப் பகலின் நீளம் ஒரு மணித்தியாலம் முன்பின்னாகத்தான் மாறும். இங்கே டிசம்பரில் 9 மணித்தியாலத்துக்குள் இருண்டுவிடும், யூனில் 15 மணித்தியாலத்துக்கு மேல் வெளிச்சம். சிறகவரை விதை அனுப்பவா என்று கேட்டாயே, அதற்கும் இதுதான் பதில். அது பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே கோடை முழுக்கக் கொடி மட்டும் கூரை ஏறும். செப்டெம்பரில் பூ வரும், காய் முற்றுவதற்குள் உறைபனி வந்து எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும். ஊர் அவரையில் பலதுக்கும் அதே கதிதான். அதோடு, கடிதத்துக்குள் விதை வைத்து அனுப்பாதே. இங்கே விதை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

கறிவேப்பிலை பற்றி எழுதாவிட்டால் மனுசி கோபிப்பாள். எங்கள் வீட்டில் அது பிள்ளைகளுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. குளிர்காலம் முழுக்கத் தெற்குப் பக்க யன்னலடியில், ஹீற்றர் காற்றுப் படாத மூலையில், அளவான தண்ணீரோடு உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பாதி இலை கொட்டிவிடும். தண்டில் மண்ணிறப் பொட்டுப் பொட்டாகச் செதிற்பூச்சி ஒட்டும், இலையில் தொட்டால் பிசுபிசுக்கும். பழைய பல்துலக்கியைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து ஒவ்வொரு கணுவாகத் தேய்த்து எடுப்பது என் வேலை. இரவிலும் 10 பாகைக்குக் கீழே இறங்காது என்று தெரிந்த பிறகுதான் வெளியே கொண்டுபோவோம். அப்போதும் நேரே வெயிலில் வைத்தால் இலை வெள்ளையாக வெந்துவிடும். முதலில் வடக்குப் பக்க நிழல், பிறகு காலை வெயில், பிறகுதான் முழு வெயில். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கொப்பு வெடிக்கும். ஊரில் வேலிக்கரையில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல் நின்ற மரம் இது!

தக்காளி, மிளகாய்க்கும் இதே பழக்கம்தான். நடுவதற்கு ஒரு கிழமை, பத்து நாள் முன்பே தட்டுகளைக் காலையில் வெளியே தூக்கி வைத்து, பின்னேரம் உள்ளே எடுக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணித்தியாலம், பிறகு கூட்டிக்கொண்டு போவது. கன்றுக்கு வெயிலை விடக் காற்றுத்தான் புதிது, அது ஆட்டி ஆட்டித்தான் தண்டு தடிக்கும். ஓய்வூதியக்காரனுக்கு ஏற்ற உத்தியோகம். பலகணியில் தட்டும் கையுமாக என்னைக் கண்டு தபால்காரர் தலையாட்டிவிட்டுப் போகிறார்.

ஊரில் அம்மா மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவா, நினைவிருக்கிறதா? இங்கே அது நடக்காது. அன்றிரவே ரக்கூன் வந்து சாடியைக் கவிழ்த்துத் தோண்டும். பகலில் அணில். நம் ஊர் மூன்று கோட்டு அணில் இல்லை, பூனைக்குட்டி அளவில் கறுப்பாக ஒன்று. புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் விடாது. ஆகவே விதை போட்ட சாடிகளுக்கெல்லாம் கோழிக்கூட்டுக் கம்பிவலைதான் தொப்பி. முன்பக்கப் புல்லில் டாண்டிலையன் என்கிற களை மஞ்சளாக நிறையப் பூத்திருக்கிறது. ஒன்ராறியோவில் 2009இல் இருந்து அழகுக்காகக் களைகொல்லி அடிக்கத் தடை. குந்தியிருந்து வேரோடு கிண்ட வேண்டும். என் முழங்காலும் இப்போது உன் எண்ணெய்க்கு ஆசைப்படுகிறது.

சரி, உன் பக்கத்தைச் சொல். வேலிக்குக் கிளுவைக் கதியால் போட்டாயா, இல்லை மகள் சொன்னபடி மதில்தான் எழுப்பப் போகிறாயா? என்னைக் கேட்டால் கிளுவைதான். கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது? கறுத்தக் கொழும்பான் மா இந்த முறை பிடித்திருக்கிறதா என்றும் எழுது.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வரச் சொல்கிறாய். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில்தான் இங்கே பந்தல் முழுக்கப் பாவல் தொங்கும். யார் நின்று தண்ணீர் விடுவது என்று வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை. மகன் விடுகிறேன் என்கிறான், மனுசி நம்பவில்லை. முடிந்ததும் ரிக்கற் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சிவா