கண்மலரைத் திருப்பிப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் எம்போசிங் பழகப் போகிறேன் என்று நீ சொன்னபோது ஏதோ ஆபீஸ் வேலை என்றுதான் நினைத்தேன். தகடு, மயில் என்று நீ சொன்ன பிறகுதான், அட, தகட்டைப் புடைத்து உருவம் எழுப்புகிற வேலை, நம் தெருவில் நடக்கிறதாயிற்றே என்று பிடிபட்டது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் கடிதம்.

மதுரை புது மண்டபத்துப் பாத்திரக்கடையில் இருபது வருஷம் பேர் வெட்டியவன் நான். சீருக்கு வாங்குகிற குடத்தையோ தூக்கையோ மடியில் கிடத்தி, உளியை நகர்த்தி நகர்த்தித் தட்டினால் புள்ளி புள்ளியாக எழுத்து விழும். கடைகள் எல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. கரண்டுப் பேனா வந்த பிறகு உளியையும் யாரும் கேட்பதில்லை. சரி, அது வேறு கதை.

அந்தத் திமிரில் ஒருநாள், செப்புத் தகட்டில் உன் அம்மா பேரைப் புடைத்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பின்பக்கம் அழுத்தினால் முன்பக்கம் எழும், அவ்வளவுதானே? ராத்திரி பத்து மணிக்கு ஆசையாகத் திருப்பிப் பார்த்தால், எழுத்தெல்லாம் ஆம்புலன்ஸ் வண்டி முகப்பில் எழுதியிருப்பதுபோல் இடவலம் மாறிக் கிடக்கிறது. உன் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு பாஷை?" என்றாள். அந்தத் தகடு இன்னும் பீரோவுக்கு அடியில் இருக்கிறது. எழுத்தோ படமோ, முதலில் முன்பக்கம் வைத்துக் கோடு போட்டுக்கொள். அந்தக் கோடு பின்பக்கம் தானாகவே மாறித் தெரியும். அதற்குள் அழுத்தினால் போதும்.

இந்தக் கவரில் ஒரு ஜோடி கண்மலர், அதுதான் சாமிக்கு நேர்ந்துகொண்டு போடுகிற கண் தகடு, வைத்திருக்கிறேன். தெப்பக்குளம் மாரியம்மன் கோயில் வாசலில் வாங்கியது. கும்பிட்டுவிட்டு அதைத் திருப்பிப் பார். முன்னால் முழியாக நிற்பது பின்னால் குழியாக இருக்கும். இமைக்கோடு முன்னால் பள்ளம், பின்னால் மேடு. அச்சில் வைத்து ஒரே அடியில் அடிப்பது அது. உனக்கு அச்சு கிடையாது, விரல்தான். ஒரே அழுத்தில் முழி வரவேண்டும் என்று குத்தினால் தகடு கிழியும். என் முதல் மயில் கழுத்தில்தான் கிழிந்தது. லேசாகத் தேய், திருப்பு, பார், மறுபடி தேய்.

தகடு 0.1 மில்லிமீட்டர் கனம் போதும், கத்தரிக்கோலுக்கே வெட்டுப்படும். முதலில் அலுமினியம், கை பழகியதும் செம்பு. பித்தளை முரண்டு பிடிக்கும், அதைக் கடைசியில் தொடு. சாப்பாடு பொட்டலம் கட்டுகிற ஃபாயில் உதவாது, நகம் பட்டாலே ஓட்டை. காசு போட்டு வாங்குவதற்கு முன் கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டிப் பழகலாம். ஆனால் அதன் ஓரம் பிளேடு மாதிரி, வெட்டியதும் நாலு பக்கமும் டேப் ஒட்டிவிடு. செட் செட்டாக விற்கிற கருவிக்கெல்லாம் இப்போதே செலவழிக்காதே. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா கோட்டுக்கு, ஸ்வெட்டர் ஊசியின் மொட்டை முனை புடைப்புக்கு. புடைக்கும்போது அடியில் பழைய மவுஸ் பேட் மாதிரி மெத்தென்று ஏதாவது இருக்கட்டும். அப்புறம் தகட்டைக் கண்ணாடிமேல் முன்பக்கம் மேலே தெரியும்படி போட்டு, உருவத்தைச் சுற்றியுள்ள இடத்தை அமுக்கிச் சமன் செய். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுற்று சமமானால்தான் மயில் எழுந்து நிற்கும்.

ஆசாரிமார் இதையே கனத்த தகட்டில், குங்கிலியமும் செங்கல் பொடியும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய அரக்குப் படுக்கையில் பதித்து உளியால் செய்வார்கள். சாமிக்குச் சாத்துகிற வெள்ளிக் கவசத்தில் நீ பார்ப்பது அந்த வேலைதான். செம்பு அடிக்க அடிக்க இறுகும். மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி இளகும். நீ அதைப் பார்த்துவிட்டு அலுமினியத்தை அடுப்பில் காட்டிவிடாதே. அது சிவந்து எச்சரிக்காது, 660 டிகிரியில் உருகிக் கொட்டிவிடும்.

வேலை முடிந்ததும் பின்பக்கக் குழியில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி ஆறவிடு. இல்லாவிட்டால் யாராவது விரல் வைத்து, "என்னக்கா இது?" என்று கேட்கும்போதே மயில் அமுங்கிப்போகும். பிறகு முன்பக்கம் கறுப்பு ஷூ பாலிஷைப் பூசித் துணியால் துடை. மேட்டில் போய்விடும், பள்ளத்தில் தங்கும். இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிவது அப்போதுதான். செம்பைப் புளி போட்டு விளக்குவதாக இருந்தால் வேலை தொடங்கும் முன்பே விளக்கிக்கொள். கடைசியில் விளக்கினால் கறுப்பும் போகும், மூக்கும் நசுங்கும்.

முதல் தகடு கிழிந்தால் தூக்கிப் போடாதே, எனக்கு அனுப்பு. எந்த இடத்தில் கிழிந்தது என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது அந்தக் கண்மலரை மறக்காமல் கொண்டு வா. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு உண்டியலில் போட என்று அம்மா வாங்கி வைத்திருந்தது அது. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அப்பா