செல்விக்கு

அன்புள்ள செல்வி,

நலம்தானே? ஆறு மாதமாக நான் கடிதம் போடாததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பச்சை சைக்கிளை இன்னும் விற்கவில்லை, சத்தியமாக.

இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போன வாரம் ஒரு அல்பேனியப் படம் பார்த்தேன், 'டோம்காவும் நண்பர்களும்', 1977இல் வந்தது. எடுத்தவர் ஜான்ஃபிசே கேகோ, அந்த நாட்டின் முதல் பெண் இயக்குநர். அன்றிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலம், பெராத் என்கிற ஊர். மலைச்சரிவில் ஒன்றின் தலைமேல் ஒன்றாக வெள்ளை வீடுகள், வரிசை வரிசையாக ஜன்னல்கள். பையன்கள் பந்து விளையாடும் மைதானத்தில் ஜெர்மன் ராணுவம் முகாம் போட்டுவிடுகிறது. பொடியன்களுக்கு வந்ததே கோபம்! நாட்டைப் பிடித்தது அப்புறம், மைதானத்தைப் பிடித்ததை எப்படிப் பொறுப்பது? கெரில்லாக்களுக்கு உளவு பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். கல் பாவிய சந்தில் மூச்சிரைக்க ஓடுகிறார்கள் பார், அதில் நடிப்பே தெரியவில்லை.

அல்பேனியாவைக் கம்யூனிஸ்ட் கட்சியின் பெயரில் இரும்புப் பிடியில் ஆண்ட என்வர் ஹோஜா காலத்துப் படம். கட்சிக்குப் பிடித்ததைத்தான் எடுக்க முடியும். அந்தப் பிரசார வாடை என்னை உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைக் கட்சியால் தொட முடியவில்லை.

கேகோ 1928இல் பிறந்தவர். மாஸ்கோவில் எடிட்டிங் கற்று வந்து, தலைநகர் டிரானாவின் அரசு ஸ்டுடியோவில் வருடக்கணக்கில் அடுத்தவர் எடுத்ததை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். கதைப்படம் இயக்க வந்தது நாற்பதைத் தாண்டிய பிறகு. வந்தவர் விடவில்லை, வரிசையாகக் குழந்தைகள் படங்கள். 1975இல் எடுத்த 'பெனி தனியாக நடக்கிறான்' உனக்கு நிச்சயம் பிடிக்கும். அம்மா பொத்திப் பொத்தி வளர்த்த நகரத்துப் பையன் கிராமத்துக்குப் போய்த் தேறுகிற கதை. 2007இல் கேகோ இறந்துவிட்டார். டோம்காவின் படச்சுருளைச் சீரமைத்தது அதற்கப்புறம்தான். அந்தப் புதுப் பிரதியை அவர் பார்க்கவேயில்லை என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். "பள்ளிக்கூடத்தில் நாடகம் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள், நாற்பத்தாறு வயசில் இனி எங்கே போய் ஆரம்பிப்பது" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. சிங்க வேஷம் போட்ட பையன் மேடையில் தூங்கிப்போனபோது, அந்தத் தூக்கத்தையே கதையாக்கி நாடகத்தை முடித்தவள் நீ. நீ நிறுத்தலாமா, செல்வி?

மே மாதம் வருகிறேன். உன் வீட்டு மொட்டைமாடி காலியாகத்தானே இருக்கிறது? தெருவில் பத்துப் பிள்ளைகளைப் பிடித்து வை. திரைச்சீலை தைக்க இங்கே துணி எடுத்துவிட்டேன், நீலத்தில்.

அன்புடன்,
மல்லிகா