பறக்கும் தட்டடியிலிருந்து

மூன்பீம், ஒன்ராறியோ, கனடா
12 ஒக்டோபர் 2025

மச்சான்,

ஆறு மாதமாகக் கடிதமில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி? நெட்டையன் கடனைத் திருப்பித் தந்தானா? தந்திருக்க மாட்டான்.

நீ பயந்ததுபோல் என்னைக் கரடி தின்றுவிடவில்லை. ரொறொன்ரோவிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல், 11ஆம் நெடுஞ்சாலையோரம், 1,200 பேர்கூட இல்லாத ஊர். ஊரின் அடையாளம் 18 அடி அகலத்தில் நிற்கும் பறக்கும் தட்டு. நமக்குக் கோயிலடி, சந்தையடி, இது தட்டடி.

சொல்ல வந்தது வேறு. இங்கே கடை, தேவாலயம், சண்டை எல்லாம் பிரெஞ்சில்தான். மகனையும் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தேன். பிரெஞ்சு பேசாத நம் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்ப்பதென்றால் அனுமதிக் குழு கூடிச் சம்மதிக்க வேண்டும், சம்மதித்தார்கள். இப்போது பயல் என்னைப் பிரெஞ்சில் திட்டுகிறான். முன்பு ஆங்கிலத்தில் திட்டினான், விளங்கவாவது செய்தது.

செப்டம்பர் 25, பள்ளியில் கொடியேற்றம். ஒன்ராறியோப் பிரெஞ்சுக்காரரின் பச்சை வெள்ளைக் கொடி, 1975இல் சட்பரியில் முதன்முதல் ஏறியது. இவ்வருடம் 50 ஆண்டு. பக்கத்து வீட்டு மூதாட்டி அருகில் நின்று பழைய கதை சொன்னார். 1912இல் மாகாண அரசு 17ஆம் ஒழுங்குவிதி என்று ஒன்றைக் கொண்டுவந்தது, முதலிரண்டு வகுப்புக்கு மேல் பிரெஞ்சில் கற்பிக்கக் கூடாதென்று. அவருடைய தாய் படித்த காலம் அது. இன்ஸ்பெக்டர் வரும் சத்தம் கேட்டால் பிரெஞ்சுப் புத்தகம் மேசைக்குள் போகும், ஆங்கிலப் புத்தகம் மேலே வரும். ஒளிக்கச் சொல்வதே டீச்சர்தானாம்! 1927 வரை இந்தக் கூத்து.

சிரித்து முடித்தவர், கையிலிருந்த காகிதத்தை மகனிடம் நீட்டினார். "உங்கள் மொழியில் என் பெயரை எழுதிக் காட்டு."

பயல் என்னைப் பார்த்தான்.

மச்சான், நம் வீட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரவில்லை. நான்தான் வாங்கி எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்தது இன்னும் மோசமாக இருந்தது.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் 'அ, ஆ'. 'ர'வைத் தொண்டைக்குள் உருட்டுகிறான். நம் சட்டம்பியார் கேட்டிருந்தால் பிரம்பு முறிந்திருக்கும்.

நத்தாருக்கு வருகிறாய்தானே? நல்ல பனிச் சப்பாத்து போட்டுக்கொள். இரண்டு கிலோ மிளகாய்த்தூளும் ஓர் அரிவரிப் புத்தகமும் கொண்டுவா. புத்தகத்தை மறந்தாலும் தூளை மறக்க வேண்டாமாம், உன் தங்கச்சி சொல்கிறாள். நீ அவளுக்குக் காது கொடுக்காதே.

கட்டையன்