எல்லாமே மந்தநிலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளி விலைக்காகக் காலையில் முதலில் புரட்டுவது தங்கள் வணிகப் பக்கத்தைத்தான். அங்கே ‘மந்தநிலை’ என்ற சொல் படும் பாட்டைப் பற்றியே இந்தக் கடிதம்.

2019 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் நாட்டின் வளர்ச்சி 4.5 சதவீதமாகக் குறைந்ததாக அறிவித்தார்கள். மந்தநிலை என்று தலைப்பு வந்தது. மறு ஆண்டு ஊரடங்கின்போது, ஏப்ரல்–ஜூன் காலாண்டில், மொத்த உள்நாட்டு உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு சொன்னது. அதற்கும் அதே தலைப்பு! முன்னதில் வளர்ச்சி நிற்கவில்லை, வேகம்தான் தளர்ந்தது. பின்னதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போயே போய்விட்டது. அடுத்த காலாண்டிலும் முந்தைய ஆண்டைவிட 7.5 சதவீதம் இறங்கியது. இப்படித் தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் சுருங்கினால்தான் ஆங்கிலத்தில் ரிசஷன் என்கிற உண்மையான மந்தநிலை என்பது பரவலாகப் புழங்கும் கணக்கு. அமெரிக்காவில் அதுவும் போதாதென்று வேலைவாய்ப்பு, வருமானம் எல்லாவற்றையும் பார்த்து முடிவு சொல்லப் பொருளாதார அறிஞர்கள் குழு ஒன்றே இருக்கிறது.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்களுக்கு வெள்ளிக் கட்டி கொடுக்கும் வியாபாரி தலைப்பை மட்டும் படிப்பவர். பேப்பரை மடித்து மேஜையில் போட்டுவிட்டு, “நாட்டு நிலைமை சரியில்லை, பழைய பாக்கியை முடித்துவிட்டு வாருங்கள்” என்பார்.

ஆடி மாதம் இன்னொரு கூத்து. முகூர்த்தம் இல்லை, கோட்டை மாரியம்மன் பண்டிகை வேறு. பட்டறையில் வேலை குறையத்தான் செய்யும். கம்பி இழுக்கும் மிஷினைக் கழற்றி எண்ணெய் போடுவதும், தேய்ந்த அச்சுகளை மாற்றுவதும் அப்போதுதான். ஆவணி பிறந்தால் சலங்கை கோக்க ஆள் போதாது. இதையும் ‘கொலுசுத் தொழிலில் மந்தநிலை’ என்று ஒரு நாளிதழ் எழுதியது. எந்த நாளிதழ் என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்க மாட்டேன்.

எங்களை உண்மையில் முடக்குவது வெள்ளி விலை தாறுமாறாக ஏறும் வாரங்கள். கடைகளில் கேட்பு இருந்தாலும் கட்டியை வெளியே விட வியாபாரி தயங்குவார். எடைக்குக் கூலி வாங்குகிறவர்கள் வேலையின்றி உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு நாட்டின் வளர்ச்சி விகிதம் நன்றாகவே இருக்கலாம்.

எனவே வளர்ச்சி குறைந்தால் வேகக்குறைவு என்றும், உற்பத்தியே இறங்கினால் சுருக்கம் என்றும் தலைப்பிலேயே பிரித்துப் போடுங்கள். சதவீதமும் காலாண்டும் பக்கத்திலேயே இருக்கட்டும். கொலுசைப் பற்றி எழுதும் நிருபர் அது எந்தத் தமிழ் மாதம் என்பதையும் பார்த்துக்கொண்டால் நல்லது.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
சேலம்.