வால்வு ரேடியோ ஏன் உறுமுகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் ரேடியோக்களை எங்களிடம் கொண்டுவரும் பலரும், "வால்வு போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்" என்றே சொல்கிறார்கள். வால்வு என்பது ரேடியோவுக்குள் ஒளிரும் கண்ணாடிக் குழல். பழுது பார்த்து வாங்கிப் போகும்போது பில்லில் பெரும்பாலும் அது இருக்காது. மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சர்கள்தான் வரிசையாக இருக்கும். அதற்கான காரணத்தைச் சொல்லவே இந்த மடல்.

உறுமல் கேட்டால் முதலில் வால்யூமை முழுவதும் குறைத்துப் பாருங்கள். அப்போதும் உறுமல் குறையவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் பவர் பகுதியில்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக மாற்றும் முழு அலை ரெக்டிஃபையரிலிருந்து அது விநாடிக்கு 100 துடிப்புகளாக வெளிவருகிறது. மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீரைச் சீராக விடும் மேல்நிலைத் தொட்டியின் வேலையை இங்கே ஃபில்டர் கண்டென்சர் செய்கிறது. அது உலர்ந்துபோனால் துடிப்பு நேராக ஸ்பீக்கருக்கு வந்துவிடும். "இன்னும் பெரிய கண்டென்சராகப் போடுங்கள்" என்று சிலர் கேட்கிறார்கள். போடமாட்டோம். இஇசட்80 போன்ற ரெக்டிஃபையர் வால்வை அடுத்துவரும் கண்டென்சரின் கொள்ளளவுக்கு 50 மைக்ரோஃபாரட்தான் உச்ச வரம்பு. மீறினால் வால்வின் ஆயுள் குறையும்.

வால்யூமோடு சேர்ந்து உறுமலும் கூடினால் வால்யூம் கன்ட்ரோலுக்கு முந்தைய பகுதியைப் பார்க்க வேண்டும். எங்களிடம் வருவதற்கு முன் வீட்டில் எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவற்றை நிறுத்திப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் ரேடியோவில் குறையில்லை.

கரகரப்புதான் எங்களைக் கவலைப்பட வைக்கிறது. பத்து நிமிடம் நன்றாகப் பாடிவிட்டு, சூடேறியதும் குரல் நெரிபட்டாற்போல் ஒலித்தால் நாங்கள் முதலில் சந்தேகிப்பது கப்ளிங் கண்டென்சரை. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு, அதாவது வால்வுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்கு, செல்லும் சின்ன மெழுகுக் காகிதக் கண்டென்சர் அது. காகிதம் ஈரம் இழுத்துவிட்டால் மின்சாரம் கசியத் தொடங்கும். ஒருபுறம் 100 வோல்ட் இருந்து, கசிவு 50 மெகா ஓம் அளவுக்கே இருந்தாலும், மறுபுறம் கிரிட்டில் ஏறத்தாழ ஒரு வோல்ட் ஏறிவிடும். சாதாரண மல்டிமீட்டர் அந்தக் கண்டென்சரைப் பழுதில்லாதது என்றே காட்டும். அதனால்தான் ரேடியோவை ஓடவிட்டு கிரிட்டிலேயே அளக்கிறோம். அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது. இருந்தால் கண்டென்சரின் ஒரு காலைக் கழற்றிவிட்டு மறுபடி அளப்போம். வோல்ட் மறைந்தால் குற்றவாளி கண்டென்சர், மறையாவிட்டால் வால்வு.

கிரிட்டில் ஏறும் அந்த ஒரு வோல்ட், வால்வை அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்க வைக்கிறது. வால்வு கொதிக்கிறது, வால்வை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் எரிகிறது. கண்டென்சருக்குச் சில ரூபாய்தான் ஆகும். அந்த டிரான்ஸ்ஃபார்மரோ இன்று தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே கரகரப்பு தொடங்கியதும் அணைத்துவிடுங்கள். "எப்படியோ பாடுகிறதே" என்று ஓடவிடாதீர்கள்.

பரணிலிருந்து இறக்கிய ரேடியோவை நேரடியாக பிளக்கில் செருகவும் வேண்டாம். நாங்கள் சீரிஸ் பல்பு, அதாவது ரேடியோவுக்குப் போகும் கம்பியில் தொடராக இணைத்த குண்டு பல்பு, வழியாகத்தான் முதலில் மின்சாரம் கொடுக்கிறோம். பல்பு மங்காமல் பளிச்சென்றே எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள். ஏசி/டிசி வகை ரேடியோக்களில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேசிஸே கரண்ட் கம்பியோடு இணைந்திருக்கக்கூடும். பின்பலகையைக் கழற்றிக் கைவைப்பது உயிருக்கு ஆபத்து.

மேலே தெரியும் பழைய ஃபில்டர் கண்டென்சர் டப்பாவை நாங்கள் எறிவதில்லை. இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, புதியதைச் சேசிஸின் அடியில் பொருத்துகிறோம். செட்டின் தோற்றம் கெடக்கூடாது என்பதில் உங்களைப் போலவே எங்களுக்கும் அக்கறை உண்டு.

கொண்டுவரும்போது பின்பலகை, குமிழ்கள் எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். தூசியாக இருக்கிறதே என்று வால்வுகளைத் துணியால் துடைக்காதீர்கள். கண்ணாடியில் அச்சிட்ட எண் அழிந்துவிட்டால் எந்த வால்வு எது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அன்புடன்,
பணிமனையினர்